சுவரைக் கேட்டுத் துளையிடுங்கள்



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. சித்திரம் எழுதுவோர் ஒரு சிலரே. ஆனால் சுவரில் துளையிட வேண்டிய தேவை எல்லா இல்லங்களுக்கும் உண்டு. புதுவீட்டில் குடிபுகுந்த ஒரு வாரத்திற்குள்ளாகவே திரைச்சீலைக் கம்பி, கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி, நூல்கள் வைக்கும் பலகை, குளியலறையில் தண்ணீர் சூடாக்கி என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. வீட்டில் ஒரு மழலை பிறந்துவிட்டாலோ தொட்டிலுக்குக் கொக்கி தேவைப்படுகிறது. இவை அனைத்திற்கும் துளை வேண்டும். துளைக்கு ஒரு கருவி வேண்டும்.

கருவி வாங்கக் கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்ஸ்?" என்பதாகும். வாட்ஸ் மிகுந்தால் வலிமை மிகும் என்றும், வலிமை மிகுந்த கருவி எல்லாச் சுவரையும் துளைக்கும் என்றும் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. வாட்ஸ் என்பது கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது சுவரில் எவ்விதம் வேலை செய்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி கடைக்காரருக்கு உரியதன்று. நம் வீட்டுச் சுவருக்கு உரியது. "நீ எதனால் கட்டப்பட்டாய்?" என்று அதனிடம் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டு ஊர்கள், பலவகைச் சுவர்கள்

இதனை விளக்க நம் விருதுநகர் மாவட்டத்தின் இரட்டை ஊர்களான ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒரே நெடுஞ்சாலையில், அரை மணிப் பயணத்தில் அமைந்தவை இவை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பழந்தெருக்களில் இன்றும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களைக் காணலாம். தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் மூடிய மட்டப்பாக் கூரைகளையும் காணலாம். அவ்வூரின் வானுயர்ந்த கோபுரமே அடியில் கருங்கல்லாகவும் மேலே செங்கல்லும் சுதையுமாகவும் எழுந்து நிற்பதுதான். ஒரே கட்டடத்தில் இருவேறு பொருள்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ராஜபாளையத்தின் கதை வேறு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1957-ல் நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் இவ்வூரைச் சேர்ந்தது. 2013-ல் அது ராம்கோ சிமெண்ட்ஸ் எனப் பெயர் மாறியது. சிமெண்ட் எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின் நம் பகுதி வீடுகளின் இயல்பே மாறியது. சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலவை, மட்டப்பாவுக்குப் பதில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், செங்கல்லுக்குத் துணையாக ஹாலோ பிளாக், சாம்பல் கல் என எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய வீட்டின் பின்கட்டில் புதிய கான்கிரீட் அறை எழுந்த இல்லங்களும் பல. ஆகவே ஒரே வீட்டிற்குள்ளேயே முன்னறைச் சுவர் ஒன்றைக் கேட்கும். பின்னறைச் சுவர் வேறொன்றைக் கேட்கும்.

சுவரை அறிவது எப்படி?

இதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை. மறைவான ஓர் இடத்தில் சிறு துளை ஒன்றை இட்டு, கொட்டும் தூளின் நிறத்தைப் பாருங்கள். முதலில் வெண்சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. அதன்பின் சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல். வெண்மையான மென்தூள் எதிர்ப்பின்றிப் பொலபொலவெனக் கொட்டினால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்திலேயே தொடர்ந்து, கருவியும் முன்னேறாமல் கதறினால் அது கான்கிரீட். பிட் திடீரென வெற்றிடத்தில் விழுந்தாற்போல் உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக்.

நம் இல்லங்களில் திரைச்சீலைக்கு முதலிடம் உண்டு. வாசலுக்கும் சன்னலுக்கும் திரையிட்ட பின்னரே குடும்பம் குடிபுகும். அந்தத் திரைக் கம்பிக்காகச் சன்னலின் மேல் துளையிடும்போதுதான் முதல் தொல்லை தொடங்குகிறது. சுவரெல்லாம் செங்கல்லாக இருந்தாலும், கதவு சன்னல்களின் தலைக்கு மேல் ஓடுவது லிண்டல் எனப்படும் கான்கிரீட் பட்டை. தரையிலிருந்து ஏறத்தாழ 7 அடி உயரத்தில் அது இருக்கும். பக்கத்துச் சுவரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிய அதே கருவி, லிண்டலில் கால் அங்குலமும் நகராமல் புகைகிறது. கருவி கெட்டுவிட்டது என்றும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றும் குறைப்பட்டுக்கொள்கிறோம். குறை கருவியிலும் இல்லை, கடையிலும் இல்லை. சுவர் மாறிவிட்டது, அவ்வளவுதான். தூண், உத்திரம், சன்னல் மேலுள்ள சன்ஷேடு, கூரைத் தளம் ஆகியனவும் கான்கிரீட்டே என்பதை நினைவில் இருத்துங்கள்.

மூவகைக் கருவிகள்

முதலாவது, சுழல்வது மட்டுமே செய்யும் சாதாரண டிரில். மரத்திற்கும் இரும்புக்கும் உரியது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் ஏந்தும் மின்சார டிரில்லை 1895-ல் உருவாக்கியது. அன்று தொடங்கி இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது, இம்பாக்ட் டிரில். இதனுள் பல் வெட்டிய இரு தட்டுகள் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து சுழலும்போது பற்கள் ஏறி இறங்குகின்றன. அதனால் பிட் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் துடிக்கிறது. நிமிடத்திற்கு 40,000 தட்டுகளுக்கு மேலும் தருவன உண்டு. ஆயினும் ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியது. அத்துடன் நாம் அழுத்தும் அளவிற்கே அது தட்டும். செங்கல்லுக்கும் சிமெண்ட் பூச்சுக்கும் இது போதுமானது.

மூன்றாவது, ரோட்டரி ஹாமர். இதனுள் ஓர் உந்துதண்டு ஓடுகிறது. அது காற்றை அழுத்த, அழுந்திய காற்று ஓர் உலோகத் துண்டைப் பாய்ச்ச, அத்துண்டு பிட்டின் பின்புறத்தில் அறைகிறது. போஷ் நிறுவனம் 1932-லேயே மின்சார ஹாமரை வெளியிட்டது. 2 கிலோ வகையைச் சேர்ந்த சிறிய ஹாமர் நிமிடத்திற்கு 4,000 முதல் 5,000 அடிகளே கொடுக்கும். எண்ணிக்கையில் இம்பாக்ட் டிரில்லில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தட்டானின் சிறு சுத்தியலுக்கும் கொல்லனின் சம்மட்டிக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டிற்கும் உண்டு.

கான்கிரீட்டுக்கு ஏன் சம்மட்டி வேண்டும்? கான்கிரீட் என்பது சிமெண்ட் மட்டுமன்று. அதனுள் கருங்கல் ஜல்லி நிறைந்திருக்கிறது. சுழலும் பிட் ஜல்லியை அறுப்பதில்லை, அதன்மேல் தேய்கிறது. தேய்வதால் சூடேறி முனை மழுங்குகிறது. கல்லை நொறுக்கினால்தான் வழி பிறக்கும். நொறுக்குவது அடியின் வேலை. நொறுங்கிய தூளை வெளியேற்றுவது சுழற்சியின் வேலை. எனவே ஹாமர் வாங்குவோர் பெட்டியின்மீது வாட்ஸை மட்டும் பாராமல் ஜூல் என்ற அளவையும் பார்க்க வேண்டும். ஓர் அடியின் வலிமையைக் கூறுவது அதுவே. வீட்டு வேலைக்கு 2 முதல் 3 ஜூல் போதும். ஹாமரை உடல் எடையால் அழுத்தவும் வேண்டியதில்லை. நேராகப் பிடித்து, நிதானமாகத் தாங்கினாலே வேலை நடக்கும்.

பழஞ்சுவருக்குப் பலம் காட்டாதீர்கள்

வலிய கருவியே சிறந்தது என்றால் ஒரு ஹாமரை வாங்கி எல்லாச் சுவரிலும் இயக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழஞ்சுவரில் ஹாமரை வைத்தால் செங்கல் தன் படுக்கையிலிருந்து தளர்ந்துவிடும்; துளை கிண்ணம்போல் வாய் பிளக்கும்; சில வேளை மறுபக்கத்துப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும். ஹாலோ பிளாக்கின் மெல்லிய ஓடும் உடைந்துபோகும். இவற்றில் அடியை நிறுத்தி, சுழற்சியை மட்டும் வைத்து, மெதுவாகத் துளையிட வேண்டும். பழஞ்சுவரில் இரு செங்கற்களுக்கு இடைப்பட்ட காரையில் துளை விழுந்தால் பிடிப்பு இராது. செங்கல்லின் உடலிலேயே துளை விழும்படி இடத்தைச் சிறிது நகர்த்திக்கொள்ளுங்கள். குளியலறை ஓட்டிலும் அடி கூடாது. ஓட்டுக்கென விற்கும் ஈட்டி முனைப் பிட்டால் முதலில் ஓட்டைக் கடந்து, பின்னரே சுவருக்குரிய பிட்டை இட வேண்டும்.

பிட்டும் பிளக்கும்

கருவியைப் பார்த்துப் பார்த்து வாங்குவோர் பிட்டில் சிக்கனம் பிடிப்பது வாடிக்கை. உண்மையில் சுவரைத் தொடுவது பிட்டே. அதன் நுனியில் பதித்திருக்கும் சிறு துண்டு டங்ஸ்டன் கார்பைடு. இதனை ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1920-களில் 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வைரம் போன்றது என்பது அச்சொல்லின் பொருள். இரும்புக்குரிய பிட்டைச் சுவரில் வைத்தால் ஒரே துளையில் பாழாகும். ஹாமரின் பிட்டுக்கு அடியில் பள்ளம் வெட்டிய தனித் தண்டு உண்டு. 1975-ல் அறிமுகமான இம்முறைக்கு எஸ்.டி.எஸ். என்று பெயர். சாவி வைத்து முடுக்கும் சக்கில் அது பொருந்தாது. சாதாரணப் பிட் ஹாமரில் நேராகப் பொருந்தாது. வாங்கும்போதே இதனைக் கவனியுங்கள்.

அக்காலத்தில் சுவரை உளியால் கொத்தி, மரக்கட்டை அடித்து, அதில் திருகாணி முடுக்கினர். லண்டனைச் சேர்ந்த ஜான் ரோலிங்ஸ் என்பார் 1910-களில் சணல் நாரால் ஒரு சிறு குழலைச் செய்தார். அவர் பெயரே 'ராவல் பிளக்' என்று நம் கடைவீதிவரை வந்து நிலைத்துவிட்டது. ஆர்தர் ஃபிஷர் 1958-ல் நைலான் பிளக்கை உருவாக்கினார். பிளக்கின் விதி எளியது. 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் துளை. ஆழம் மட்டும் பிளக்கின் நீளத்தைவிட அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் மிகுதியாக இருக்கட்டும். தூளை வெளியேற்றிவிட்டே பிளக்கைச் செலுத்த வேண்டும். வாயால் ஊத வேண்டாம், அது கண்ணில் விழும். சுவர்ப் பூச்சு 12 முதல் 20 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பூச்சுக்குப் பிடிப்பு இல்லை. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் அமர்ந்தால்தான் பாரம் தாங்கும். 15 லிட்டர் சூடாக்கியில் தண்ணீரின் எடை மட்டுமே 15 கிலோ என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொட்டில் கொக்கி

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன். சுவரில் மாட்டிய பொருள் பிளக்கைக் குறுக்காக இழுக்கிறது. சுவரே அதனைத் தாங்கிக்கொள்கிறது. கூரையில் மாட்டிய பொருளோ பிளக்கை நேராகக் கீழே உருவுகிறது. அங்கே அதனைப் பிடித்திருப்பது உராய்வு ஒன்றே. தொட்டில் சும்மா தொங்குவதுமில்லை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை ஆடுகிறது. பிறந்தபோது 3 கிலோவாக இருந்த பிள்ளை ஓராண்டில் 9, 10 கிலோவாக வளர்ந்து, தொட்டிலைப் பிடித்து எழவும் முயல்கிறது. முதல் நாள் தாங்கிய பிளக் முன்னூறாம் நாளும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கூரையில் பிளாஸ்டிக் பிளக்கும் திருகுக் கொக்கியும் வைத்துத் தொட்டில் கட்டவே கூடாது.

தளம் போடும்போதே கம்பியுடன் பிணைத்து இறக்கிய கொக்கி இருந்தால் அதுவே நன்று. இல்லையெனில், கான்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட்டை, விவரம் அறிந்த பொறியாளர் அல்லது அனுபவமிக்க கொத்தனாரைக் கொண்டு, ரோட்டரி ஹாமரால் சரியான அளவில் துளையிட்டுப் பொருத்தச் செய்யுங்கள். பழைய மட்டப்பாக் கூரையில் செங்கல்லைத் தொடவே வேண்டாம். உறுதியான உத்திரத்தைச் சுற்றிக் கயிறோ சங்கிலியோ கட்டுங்கள். இவற்றுள் ஒன்றும் இயலாதெனில் தரையில் நிற்கும் தொட்டிலே போதும். பிள்ளையின் உறக்கத்திற்குக் கூரை கட்டாயமன்று.

கம்பியும் மின்கம்பியும்

கூரைத் தளத்தில் இரும்புக் கம்பிகள் அடிப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உள்ளேயே இருக்கும். துளையிடும்போது திடீரென முன்னேற்றம் நின்று, கிறீச்சென்ற ஒலி எழுந்தால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள் என்பது பொருள். உடனே நிறுத்தி, இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை இடுங்கள். பழைய துளையைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். தூணிலும் உத்திரத்திலும் உள்ள கம்பியை அறுப்பது வீட்டின் எலும்பை அறுப்பதாகும்.

அதனினும் கொடியது சுவருக்குள் மறைந்தோடும் மின்கம்பி. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும், நேர் கீழும், நேர் பக்கத்திலும் துளையிடாதீர்கள். மின்கம்பி பெரும்பாலும் அவ்வழியேதான் செல்கிறது. குழாய்க்கும் இதுவே விதி. அந்த அறைக்குரிய எம்.சி.பி.யை நிறுத்திவிட்டு, வேறோர் அறையிலிருந்து மின்சாரம் எடுத்து வேலை செய்வது நலம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இல்லையெனில், டிரில் வாங்குவதற்கு முன் அதனை வாங்கிப் பொருத்துங்கள்.

சுவர்த்தூளில் சிலிக்கா கலந்திருக்கிறது. நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிக்கு அது நுரையீரலை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரவல்லது. நாம் ஆண்டில் பத்துத் துளை இடுவோராயினும் என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதே முறை. உங்கள் வீட்டில் வேலை செய்ய வரும் தம்பிக்கும் ஒரு கவசம் வாங்கிக் கொடுங்கள். அவர் நாள் முழுதும் இத்தூளில் நிற்பவர். முந்தானை, துப்பட்டா, தொளதொளத்த சட்டைக் கை, தளர்ந்த கையுறை ஆகியன சுழலும் பிட்டில் சிக்கிக்கொள்ளும். குழந்தைகள் வேறு அறையில் இருக்கட்டும். ஒட்டுச்சுவர் வீடுகளில் ஒலி அண்டை வீட்டாரின் தலைமாட்டில் கேட்கும் ஆதலால், தொழுகை வேளையும் நோயாளிகள் உறங்கும் வேளையும் தவிர்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குவது பண்பு.

எதனை வாங்குவது?

செங்கல் வீட்டில் வாழ்ந்து, ஆண்டில் பத்திருபது துளை இடுவோர் 13 மில்லிமீட்டர் சக் உள்ள, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் அடியை நிறுத்தவும் வசதியுள்ள இம்பாக்ட் டிரில் ஒன்றை வாங்கலாம். லிண்டலிலும் தளத்திலும் வேலை வரும் நாளில் ஹாமரை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது ஹாமர் வைத்திருக்கும் மின்பணியாளரை அழைக்கலாம். வீடு முழுதும் கான்கிரீட் என்றாலோ, மாடி கட்டும் எண்ணம் இருந்தாலோ, 2 கிலோ வகை ரோட்டரி ஹாமரே தக்கது. அதில் அடி, சுழற்சி இரண்டையும் தனித்தனியே நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவரும் மட்டப்பாவும் மட்டுமே உள்ள இல்லத்தார்க்குச் சாதாரணச் சுழற்சியே போதும். மிகுதிப் பணம் கொடுத்து ஆபத்தை வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் குடும்பங்களில் பயணம் முடித்து வருவோர் டிரில் கொண்டுவருவது உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். கருவியின் தகட்டில் 110, 120 அல்லது 127 வோல்ட் என்று இருந்தால் நேரடியாகச் செருகாதீர்கள், நொடியில் கருகிவிடும். ஒரு சதுரத்துள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது. எர்த் கம்பி தேவையில்லை. அக்குறி இல்லாத கருவியை எர்த் இல்லாத அடாப்டரில் இயக்குவது உயிருக்கு உலை வைப்பதாகும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெறுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் உள்ளூரில் கிடைக்குமா, பழுதுபார்க்க மதுரைவரை சுமந்து செல்ல நேருமா என்பதையும் வாங்கும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, வாட்ஸ் எண்ணையோ விளம்பரத்தையோ நம்பிக் கருவி வாங்காதீர்கள். ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் வைத்து நிறம் பாருங்கள். சிவப்போ, வெண்மையோ, சாம்பலோ, எந்தக் கருவி வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.